அக்கா பக்கத்துப் பிரேக்

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரியே வந்தாலும் அவள் குரல் உயராது, கால் மட்டும் இறங்கும். பழக வருகிறவர்கள் 'பிரேக்கக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அத்தான் வீட்டில் ஒரு சட்டம் போட்டார்: யாரும் அழக்கூடாது. மனசு தளராமல் இருந்தால் ஆயுசு கூடும் என்று எவனோ அவர் காதில் ஓதியிருந்தான். அக்காவின் முகம் கொஞ்சம் வாடினால் போதும், மனசை விட்டுடாதே என்று ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனநல ஆலோசகரிடம் அவளை அழைத்துப் போனதும் அவர்தான், ஊசி போடக் கூட்டிப் போகிற மாதிரி. அந்த அம்மாளோ மனசு விட்டுப் பேசச் சொன்னார்.

"அவங்க விடுங்கறாங்க, இவர் விடாதேங்கறார். நான் என்ன கிளட்ச்சா?" என்று அக்கா என்னிடம் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ஒருநாள் ஸ்கேன் பார்த்த டாக்டர், நோய் எலும்புக்கும் பரவிவிட்டது என்றார். அங்கிருந்து நேரே ஆலோசகரிடம் போனோம். இன்னும் அடிக்கடி வந்தால் ஆயுசு கூடுமா என்று அத்தான் கேட்டார். அந்த அம்மாள் மழுப்பவில்லை. ஆரம்பத்தில் சில ஆய்வுகள் அப்படி நம்பிக்கை தந்தன, பிறகு வந்தவற்றில் அது உறுதிப்படவில்லை, பயமும் தவிப்பும் குறையும், அதற்காகத்தான் இங்கே வருவது என்றார். அத்தானின் முகம் இறுகிவிட்டது.

திரும்பும்போது பயிற்சிக் காரை அவர்தான் ஓட்டினார். அக்கா பக்கத்தில், நான் பின்னால். வண்டி வேகம் எடுத்துக்கொண்டே போனது.

"நீ மனசை விட்டுட்டே. அதான் பரவிடுச்சு" என்றார் அத்தான்.

அக்காவின் கால் இறங்கியது. வண்டி நடுரோட்டில் குலுங்கி, என்ஜின் அணைந்து நின்றது.

"அப்போ நான் செத்தா, அதுவும் என் தப்பா?"

குரல் உயரவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. அத்தான், தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி, வாய்விட்டு அழுதார்.

"எனக்கும் பயமா இருக்குங்க" என்றாள் அக்கா. அந்த வார்த்தையை அவள் அவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "கிளட்சை மிதிங்க. ஸ்டார்ட் பண்ணி ஓரங்கட்டுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம்."

அத்தான் அழுதுகொண்டே இண்டிகேட்டர் போட்டார்.