பரீட்சைப் பேப்பரில் பெயர் இல்லை

பட்டணத்துக் கல்லூரியில் இடம் கேட்டவர்களைப் பார்க்க, வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு பேராசிரியர் சித்தூருக்கு வந்தார். நான் திருப்பதியிலிருந்து போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவன் நகரி நெசவாளர் வீட்டுப் பையன். நகக்கண்ணில் நூல்சாயம் நீலமாக ஏறியிருந்தது. அதை ஓயாமல் வேட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் அவனுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிரித்து, மார்க்குகளை உரக்கப் படித்தார். பள்ளிக்கூடத்தில் போட்ட மார்க்குகள் எல்லாம் அடிமட்டம். அரசாங்கப் பரீட்சை மார்க்குகளோ எங்கள் எல்லோரையும்விட அதிகம்.

“இது எப்படிப்பா? காப்பி அடிச்சியா?”

“இஸ்கூல்ல யார் ஊட்டுப் புள்ளன்னு பாத்துக்கினு மார்க்கு போட்டாங்க சார். பரீட்சைப் பேப்பர்ல நம்பரு மட்டும்தான் இருந்துச்சு.”

பேராசிரியர் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார்.

“திமிர் புடிச்சவனுக்கு இடம் கிடையாது, போ.”

அடுத்து என்னைக் கூப்பிட்டு, என் மார்க்குகளையும் படித்தார். என் பரீட்சை மார்க்கு அவனுடையதைவிட நூறு குறைவு. பள்ளி மார்க்கு பிரமாதம். உடனே இடம் கொடுத்தார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், நான் வெளியே வந்ததும் கேட்டான்: “உங்க நைனா வாத்தியாரா?”

“எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர்” என்றேன். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டான்.

அந்தக் கேள்விக்காக அன்று முழுவதும் அவன்மேல் பொருமிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம் யார்மேல் வந்திருக்க வேண்டும் என்பது புரிந்தபோது, நான் பட்டம் வாங்கி, நைனாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.