டயருக்கு முட்டுக் கொடுத்த யுரேனியம்

மதுரை தடயவியல் லேபிலிருந்து வந்து போடி போலீஸ் ஸ்டேஷனுக்குள் நான் நுழைந்தபோது ஏட்டு ஒருவர் பெட்ரோல் நனைத்த துணியோடு சாம்பிளைத் துடைக்கக் குனிந்திருந்தார். சாட்சிப் பொருளைப் பளபளவென்று வைப்பது அவர் வழக்கமாம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “துணியைக் கீழ போடுங்க. கையைக் கழுவிட்டு வாங்க” என்றேன்.

மேஜைமேல் இருந்தது அரைச் செங்கல் அளவுள்ள கறுப்பு உலோகத் துண்டு. தூக்கினால் மூச்சு வாங்கும். அதை வைத்திருந்தவர் பாண்டி. ஏலத்தோட்டத்து ஆட்களை மலைமேல் போடிமெட்டுக்கு ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர். வளைவில் வண்டியை நிறுத்தி, டயருக்குப் பின்னால் இதைப் போட்டபோது பாறையில் பட்டுத் தீப்பொறி பறந்திருக்கிறது. யுரேனியம் உரசினால் பொறி பறக்கும் என்று கேள்விப்பட்டிருந்த இன்னொரு டிரைவர் அதைப் பார்த்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்.

“யுரேனியம் கடத்துறான் சார். கேட்டா டயருக்கு முட்டுக் கொடுக்க வச்சிருந்தேன்னு கதை விடுறான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பழைய இரும்புக் கடையில வாங்கினேன் சார். கல்லுன்னா உருண்டுருது. இது அசையாது” என்றார் பாண்டி.

நானும் நம்பவில்லை. எங்கள் தொழிலில் யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

வெட்டாமல், கரைக்காமல் பார்ப்பதுதான் எங்கள் முறை. எக்ஸ்ஆர்எஃப் மெஷினை வைத்து எக்ஸ்ரே அடித்தால், மேற்பரப்பில் என்ன தனிமம் இருக்கிறதென்று திரையில் தெரியும். யுரேனியமேதான். பாண்டியின் முகம் செத்துப்போனது. வாசலில் நின்ற அவர் மனைவி ஈஸ்வரி, “ஐயா, ரெண்டு பிள்ளைக இருக்கு” என்று அழுதார்.

அடுத்து, கதிர்வீச்சை வைத்து யுரேனியத்தின் வகையைச் சொல்லும் காமா டிடெக்டர். குண்டுக்கு வேண்டிய யு-235 என்ற வகை, இயற்கையில் இருப்பதைவிடக் குறைவு. அப்படியானால் மலையில் தோண்டியதல்ல, குண்டுக்கும் ஆகாது. தொழிற்சாலைகளில் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசமாக வார்க்கிற யுரேனியம். யாரோ இரும்புக் கடையில் தள்ளியிருக்கிறார்கள்.

“இருக்கட்டும் சார். இவன் தெரிஞ்சுதான் வச்சிருந்தான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

துண்டைத் திருப்பித் திருப்பி மறுபடி எக்ஸ்ரே அடித்தேன். ஒரு முகத்தில் மட்டும் ஜிங்க், அதாவது துத்தநாகம், காட்டியது. டயர் ரப்பரில் ஜிங்க் கலப்பார்கள். பாண்டியின் ஜீப்பு டயரில் மெஷினை வைத்தேன், அங்கேயும் ஜிங்க். ஏட்டு துடைத்திருந்தால் அது போயிருக்கும்.

“கடத்துற சாமானை எவன் சார் டயருக்கு அடியில போட்டு நசுக்குவான்?” என்றேன். இன்ஸ்பெக்டர் பாண்டியை விட்டுவிட்டு, கடைக்காரரைத் தேட ஆள் அனுப்பினார்.

ஜீப்பு முழுவதையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். துண்டு கிடந்த டூல்ஸ் பெட்டியில் மட்டும் முள் ஏறியது, அதைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். மற்றது சுத்தம், ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஸ்டாண்டில் அந்த ஜீப்பு காலியாக நின்றது. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் தள்ளி நின்றார்கள். “அதுல ஏறினா பிள்ளை தங்காதாம்ல” என்றாள் ஒருத்தி.

“ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தீகளே சார், யாரும் ஏற மாட்டேங்கிறாகளே” என்றார் பாண்டி. எனக்கு வெட்கமாக இருந்தது. மதுரை பஸ்சை விட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

“வண்டியை எடுங்க. மெட்டு வரைக்கும் போவோம்.”

ஒரே ஒரு அம்மா மட்டும் வந்து பின்னால் ஏறினார். மற்றவர்கள் அடுத்த ஜீப்புக்குக் காத்திருந்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ‘ஆபத்தில்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதுவதற்கு முன், அந்த வண்டியில் நீங்கள் ஏறுவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.