ஷைஜாவின் ‘ஹார்ட்லி’

தமிழில் ‘ஆக’ எப்படியோ, ஆங்கிலத்தில் ‘லி’ அப்படி என்று ஷைஜா பள்ளியிலேயே முடிவு கட்டிவிட்டாள். வேகமாக என்றால் ‘குயிக்லி’. மெதுவாக என்றால் ‘ஸ்லோலி’. வினையடை இவ்வளவுதானே, இதற்குப் போய் ஒரு பாடமா என்று அவளுக்கு அலட்சியம். தக்கலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்த பிறகும் அந்த ‘லி’ அவளைக் கைவிட்டதில்லை.

அயர்லாந்து மருத்துவமனை ஒன்றின் வீடியோ இன்டர்வியூவில்தான் கைவிட்டது. வார்டு நிரம்பி வழியும்போது எப்படி வேலை செய்வீர்கள் என்று அங்கிருந்த மேட்ரன் அம்மா கேட்டார். ‘கடினமாக’ என்று மனசுக்குள் தமிழில் நினைத்து, ‘லி’ என்ற வாலை ஒட்டி, “ஐ வொர்க் ஹார்ட்லி” என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்.

சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். அடுத்த வீட்டு ஜெனிலா, ஆங்கில டீச்சர், கேட்டதும் தலையில் கை வைத்தாள்.

“ஏட்டி, ஹார்ட்லின்னா அநேகமா வேலையே செய்யமாட்டேன்னு அர்த்தம். ஹார்டுன்னு மட்டும்தான் சொல்லணும்.”

“லி வேண்டாமா?”

“மெதுவா போகச் சொல்ல நீ ‘பைய போ’ன்னு சொல்லுவியா, ‘பையவாக போ’ன்னு சொல்லுவியா? அதுக்கு வால் வேண்டாம்லா. இதுவும் அப்படித்தான்.”

ஷைஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. கணவன் ஜெபிஷ் கல்ஃபில் வேலை போய்த் திரும்பியிருந்தான். வீட்டின் நம்பிக்கையெல்லாம் இந்த ஒரு வேலைமேல்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட வாய் வரவில்லை. ஒற்றை எழுத்தில் பிழைப்பு போகுமா என்று ஆங்கிலத்தின் மேலேயே கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

மறுவாரம் டூட்டியில் இருக்கும்போது அயர்லாந்து மேட்ரன் அம்மாவே வார்டு போனில் அழைத்தார். “ஹார்ட்லி என்றீர்களே, ஹார்ட் என்பதைத்தானே அப்படிச் சொன்னீர்கள்?”

“யெஸ் மேடம். ஹார்ட். வெறும் ஹார்ட்.”

அவர் சிரித்தார். “உங்கள் பக்கத்து நர்ஸுகள் சிலர் இங்கே இருக்கிறார்கள். இன்டர்வியூவில் எல்லோரும் ஹார்ட்லி என்றுதான் சொன்னார்கள். அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீங்களும் வாருங்கள்.”

அப்பாடா என்று இருந்தது. செய்தியை ஜெபிஷுக்குச் சொல்ல, பையில் கிடந்த தன் போனை எடுக்க வராந்தாவில் ஓடினாள். கண்ணீரில் வழி சரியாகத் தெரியவில்லை. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்த கோலப்பன் ஒதுங்கி நின்றார்.

“பைய போ மக்கா, விழுந்திராத” என்றார்.

வால் இல்லாத அந்தச் சொல்லைக் கேட்டதும் ஷைஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து நின்று, சிரித்து முடித்துவிட்டு, பைய நடந்தாள்.