உறங்கும் குழந்தையைப் பார்த்து எழுதிய பாட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து கேட்பார்கள், "அந்தப் பாட்டு உனக்கு எப்டிம்மா வந்துச்சு?" கேட்பவரின் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கும். முழங்காலில் நின்று அழுத ஒரு ராத்திரியையோ, கனவில் கேட்ட குரலையோ நான் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் புதுப் பாட்டு எழுதியவர், அதைப் பாடுவதற்கு முன்னால் அது பிறந்த விதத்தைச் சாட்சியாகச் சொல்வது வழக்கம். சாட்சி பெரிதாக இருந்தால் பாட்டும் பெரிதாகத் தெரியும். என்னிடம் சொல்வதற்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு பகல் வேளையில், ஊறவைத்த துணியைத் துவைக்கப் போகாமல், தூங்குகிற என் மகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

ஆம்பூரில் எங்கள் வீடு இருக்கும் தெரு அமைதியானது அல்ல. பக்கத்திலேயே பள்ளிவாசல். அதன் ஒலிபெருக்கிகளில் ஒன்று எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. பின்பக்கம் ரயில் பாதை. தெருமுனையில் ஷூ கம்பெனி பஸ்கள் பெண்களை ஏற்றிக்கொள்ள வந்து ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும். கர்ப்பமாக இருந்தபோது எனக்கு இருந்த பயங்களில் ஒன்று, இந்த வீட்டில் குழந்தை எப்படித் தூங்கும் என்பது. நான் எதற்கும் பயப்படுகிறவள். காய்ச்சல் இல்லாதபோதும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பால் கக்கினால் செல்போனில் காரணம் தேடுவேன், தேடிய பிறகு இன்னும் அதிகமாகப் பயப்படுவேன். பயிற்சி பெற்ற ஆசிரியை என்பதால் எதையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. படிக்கப் படிக்கப் பயம்தான் வளர்ந்தது.

தூக்கத்தில் மட்டும் மகள் எனக்கு ஒரு கவலையும் வைக்கவில்லை. பாங்கு சொல்லும்போது தூங்குவாள். எக்ஸ்பிரஸ் ரயில் கட்டடத்தை உலுக்கிக்கொண்டு போகும்போது ஒரு தடவை புரண்டு படுத்து மறுபடி தூங்குவாள். கீழ்வீட்டு அக்கா மொட்டை மாடிக்குத் துணி காயவைக்கப் போகும் வழியில் தினமும் எட்டிப் பார்த்து அதிசயப்படுவார்.

"இன்னா பொண்ணும்மா இது! பாங்கு சொன்னா எங்க ஊட்ல பூனகூட எந்திரிச்சிடுது. இவ நவாப் மாதிரி தூங்குறா."

"எங்க பரம்பரையிலயே இல்லாத குணம்க்கா. எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல."

"உன்னாட்டம் இல்லாம இருந்தா சரி. நீ குக்கர் விசிலுக்கே குதிக்கற ஆளு."

அன்றும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நண்பகல் பாங்கு, அதற்குமேல் ஒரு லாரி ஹாரன். உள்ளே ஒரு சின்ன வாய் பாதி திறந்து, கைகள் இரண்டும் தலைக்குமேல் போய், முழுக்க முழுக்க நிம்மதி. எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒரு நாளாவது நான் கடவுளின் கையில் கிடந்திருக்கிறேனா என்று தோன்றியது. வரி தானாக வந்தது.

ஊர் இரைந்தாலும் உம் மடி இருக்க
கண் மூடுவேன் நான், பயமில்லை.

அதற்கு முன்னால் நான் எழுதிய பாட்டுகளில் பெரிய பெரிய சொற்கள் இருக்கும். பாடகர் குழுவினர் மூச்சுப் பிடித்துப் பாடுவார்கள், அடுத்த மாதம் மறந்துவிடுவார்கள். இந்தப் பாட்டு அப்படிப் போகவில்லை. எங்கள் சபைப் போதகர் ஐயர் இதை வைத்தே ஒரு பிரசங்கம் செய்தார். கம்பெனி பஸ்ஸில் பெண்கள் பாடிக்கொண்டு போவதாகக் கேள்விப்பட்டேன். காட்பாடியிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மா ஃபோன் செய்து, ஆஸ்பத்திரியில் கணவரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் பாடினேன் என்றார். அன்று நான் ஃபோனை வைத்துவிட்டு மகளை முத்தமிட்டேன். அவளால்தானே வந்தது.

மகளுக்கு ஒரு வயது முடியப்போகும் சமயம். நான் சமையலறையில் கழுவி அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் மொத்தமும் சரிந்து தரையில் விழுந்தன. நான் கத்தினேன். மாடிப்படியில் போய்க்கொண்டிருந்த அக்கா ஓடி வந்தார். மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசித் தட்டு சுழன்று சுழன்று அடங்குகிறவரை அவள் திரும்பவில்லை.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எப்போதும் கிண்டல் செய்கிற அக்கா குனிந்து தட்டுகளைப் பொறுக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார், "ஒருவாட்டி வேலூர்ல காட்டிடேன்மா. ஒண்ணும் இருக்காது. சும்மா காட்டிடு."

வேலூர் ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்த சுவர்களுள்ள ஓர் அறையில் அவளை என் மடியில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். எனக்குக் காது வலித்தது. மகள் என் வளையலோடு விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் கேட்கவில்லை, பிறவியிலேயே இருந்திருக்கும், நல்ல வயதில் வந்திருக்கிறீர்கள், ஆபரேஷன் செய்து மெஷின் பொருத்தினால் நன்றாகக் கேட்கும், பேச்சும் வரும் என்று டாக்டர் விளக்கினார். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். என் தலைக்குள் தட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்போன் அடித்தது. பாடகர் குழுவை நடத்தும் அண்ணன். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, சபையில் கீபோர்டு.

"சபை நாள் விழாவுக்கு உன் தூக்கப் பாட்டுதாம்மா. ரெக்கார்டிங்கும் பண்ணிடலாம். இன்னா சொல்ற?"

"அந்தப் பாட்டு வேணாம்ண்ணா."

"ஏன், மெட்டு மாத்தணுமா?"

"பாட்டே வேணாம்ண்ணா. அது தப்பா வந்த பாட்டு."

அவருக்குப் புரியவில்லை. எனக்கு விளக்கவும் முடியவில்லை. என் மகள் எதையும் நம்பித் தூங்கவில்லை, அவளுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நான் அதைப் பார்த்து விசுவாசம் என்று எழுதினேன். ஊரே அதைப் பாடுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் பாடினேன் என்று சொன்ன அந்த அம்மாவை நினைத்தபோது எனக்கு உடம்பு கூசியது. இல்லாத ஒன்றைக் காட்டி அவருக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஷூ கம்பெனியில் மெஷின்களுக்கு நடுவே வேலை செய்கிறவர். வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார்.

"அதுக்கும் பாட்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

"அவளப் பாத்துதானே எழுதினேன்."

"எழுதின. நல்லா இருந்துச்சு. இப்ப அவளுக்கு இன்னா செய்யணுமோ அதப் பாரு."

அவர் அதைப் பார்த்தார். மெஷின் இரைச்சலில் ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் கையாலும் முகத்தாலும் பேசிப் பழகியவர். சாப்பாடு, போதும், மேலே வா, யாரோ வந்திருக்காங்க, எல்லாமே அவர் கையில் இருந்தது. மகள் அவரைத்தான் வேகமாகப் புரிந்துகொண்டாள். வார்த்தைகளை மட்டுமே நம்பி வாழ்ந்த நான் அப்பாவும் பெண்ணும் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வருட விழாவில் வேறு யாருடைய பாட்டையோ பாடினார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. புண் ஆறியபின் மெஷினைப் போட்டு முதன்முதலாக இயக்குவார்கள் என்றார்கள். காதுக்குப் பின்னால் ஒரு சிறு கருவி, அதிலிருந்து ஒரு ஒயர், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். அவள் கேட்கும் முதல் சத்தம் என் குரலாக இருக்க வேண்டும் என்று நான் தயாரானேன். பாட்டாகவே இருக்கலாமா, பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா, பாட்டு என்றால் எந்தப் பாட்டு என்று என்னவெல்லாமோ யோசித்தேன். அன்று அவளுக்கு முதலில் கேட்டது கம்ப்யூட்டரிலிருந்து வந்த ஒரு பீப். அடுத்தது யாரோ நாற்காலியை இழுத்தது. மகள் வீறிட்டு அழுதாள். அந்த அறையில் இருந்த எல்லாரும் சிரித்தோம், நானும் அழுதுகொண்டே சிரித்தேன். நான் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "பால் குடிக்கறியா?" என்று கேட்டேன்.

பிறகு வாரத்துக்கு ஒரு தடவை வேலூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தோம். சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள், அதையே திரும்பச் சொல்லுங்கள், சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், அவள் பதில் சொல்ல இடம் விடுங்கள் என்று பயிற்சி தருகிற அம்மா கற்றுக்கொடுத்தார். இப்போது என் பாட்டுகள் எளிமையாக இருக்கின்றன என்று சிலர் பாராட்டுகிறார்கள். அது அந்த அறையில் வந்த பழக்கம்.

மகள் கேட்கத் தொடங்கினாள். நண்பகல் பாங்குக்கு ஜன்னலைக் காட்டினாள். கீழ்வீட்டு அக்கா அதைப் பார்ப்பதற்காகவே துணியை அந்த நேரத்தில் காயவைக்க வந்தார்.

"இனிமே பூனையும் இவளும் ஒண்ணா எந்திரிப்பாங்க. உனுக்குத் தூக்கம் போச்சு போ."

அவர் சொன்னது பலித்தது, வேறு விதத்தில். தூங்கும்போது மெஷினைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் அவளுக்குப் பழையபடி ஒன்றும் கேட்காது. அந்த அமைதியில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள். ஆனால் சத்தத்தைக் கேட்டுப் பழகிய பிறகு அது அவளுக்குப் பயமாகிவிட்டது. என் கை தலைக்குப் பக்கத்தில் போனாலே வட்டத்தைப் பொத்திக்கொண்டு அலறுவாள். தூங்கியபின் கழற்றினால் விழித்துக்கொண்டு தேடுவாள். உலகத்திலேயே நிம்மதியாகத் தூங்கிய என் குழந்தை தூங்கப் பயந்தது. இதற்காகவா ஆபரேஷன் செய்தோம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக உடனே பயந்தேன்.

பயிற்சி அம்மாவிடம் கேட்டேன். "ஒளிச்சுக் கழட்டாதீங்க. அவ பாக்க, அவகிட்ட சொல்லிக் கழட்டுங்க. அப்புறம் அவ கைய எடுத்து உங்க தொண்டையில வெச்சுக்கிட்டு எதையாவது முணுமுணுங்க. அம்மா இங்கதான் இருக்கேன்னு அந்தக் கைக்குத் தெரியட்டும்" என்றார்.

செய்து பார்த்தேன். எதை முணுமுணுப்பது என்று யோசிக்கவில்லை. தொண்டை தனக்குப் பழகிய மெட்டை எடுத்துக்கொண்டது. பாதியில்தான் அது நான் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டு என்று கவனித்தேன். நிறுத்தினேன். மகளின் விரல்கள் உடனே என் தொண்டையை அழுத்தின. மறுபடி தொடர்ந்தேன்.

முதலில் அழுகை குறையவில்லை. பிறகு கொஞ்சம் கம்மியானது. சில நாள் தூங்கினாள், சில நாள் இல்லை. இதற்கிடையில் அடுத்த சபை நாள் விழா நெருங்கிவிட்டது. அண்ணன் மறுபடியும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். சாப்பாடு ஊட்டி முடித்து அவளை மடியில் கிடத்தினேன். மெஷினைக் கழற்றப் போகிறேன் என்று சொல்லிக் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தள்ளினாள். சரி, இன்று அழுகைதான் என்று நினைத்தேன். ஆனால் அவள் தானே கையைத் தூக்கி, தலையிலிருந்த வட்டத்தைப் பிடித்து இழுத்து, காதிலிருந்த கருவியையும் எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள், கீழே போட்டுவிடாதே என்பதுபோல. பிறகு என் தொண்டையில் கையை வைத்துக் கண்ணை மூடினாள்.

பின்பக்கம் ரயில் வந்தது. தரை அதிர்ந்தது. அந்த அதிர்வில் அவள் கண்ணைத் திறந்தாள். என்னவென்று அவளால் கேட்க முடியாது. என் முகத்தைப் பார்த்தாள். நான் இருந்தேன். மூடிக்கொண்டாள்.

முன்பு அவளுக்குச் சத்தம் என்றால் என்னவென்று தெரியாது, அதனால் பயமும் இல்லை. இப்போது தெரியும். தெரிந்தே அதை என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்குகிறாள். பாட்டில் நான் எழுதியிருந்தது இதைத்தான். அவள் அன்றைக்குத்தான் அதைச் செய்தாள். இப்படி நினைப்பது என் வசதிக்காகவா என்று இப்போதும் ஒரு சந்தேகம் வருகிறது. வரட்டும்.

அவள் விழிக்கும்வரை மடியை அசைக்காமல் இருந்தேன். பிறகு அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

"அண்ணா, அந்தப் பாட்டயே பாடிடலாம்."

"அப்பாடா. வரி எதனா மாத்தியிருக்கியா?"

"இல்லண்ணா. ஒண்ணும் மாத்தல."

"ஒண்ணுமே மாத்தலயா? அப்ப எதுக்கும்மா ஒரு வருஷமா என்னப் பேஜார் பண்ண?"

"சாட்சி சொல்லும்போது சொல்றேண்ணா."

"நீளமா சொல்லாத. வெளிய பிரியாணி ஆறிடும்."