விரலை விடாத தங்க டாலர்

பிலடெல்பியா நாணயச் சாலையில் அச்சடிக்குமுன் தங்க வில்லைகளை எடை பார்த்து, மிகுந்ததை அரத்தால் ராவும் பெண்களில் லவினியா டிராஸ்க் மூத்தவள். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை, மற்றவர்கள்தான் பட்டார்கள்.

1850களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தங்க டாலர் சட்டைப் பொத்தான் அளவுதான். கைதவறினால் தரைப்பலகை இடுக்கில் போய்விடும். ஜனங்கள் முணுமுணுக்கவே, அதே தங்கத்தில் நடுவே ஓட்டை விட்டுக் காசை அகலமாக்கலாமா என்று பார்க்கச் சில மாதிரிகள் அடித்தார்கள். ஒன்றில் ஓட்டை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. அது எடைக்காக லவினியாவின் மேசைக்கு வந்தது.

பக்கத்தில் உட்காரும் ஹொனோரா கீஃப் அயர்லாந்துக்காரி. வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. காசை எடுத்து லவினியாவின் சுண்டுவிரலில் மாட்டிவிட்டாள்.

“அக்காவுக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சுடி! யாரு தெரியுமா? சர்க்காரு!”

அறையே சிரித்தது. லவினியாவும் சிரித்தபடி கழற்றப் பார்த்தாள். கணுவைத் தாண்டி வரவில்லை. சோப்பு போட்டார்கள், பன்றிக்கொழுப்பு தடவினார்கள். விரல் வீங்கியதுதான் மிச்சம்.

மேற்பார்வையாளர் பெட்டிபோன் ஓடி வந்தார். “வாஷிங்டன்லேருந்து அதிகாரி வந்து உட்கார்ந்திருக்காரு. மாதிரின்னு எதைக் காட்டுவேன், உன் கையையா?”

“கையைத்தான் காட்டணும். வெட்டியா குடுக்க முடியும், ஐயா?” என்றாள் லவினியா.

போய் நின்றாள். அதிகாரி குதிரைக் குளம்பைப் பார்ப்பதுபோல் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தொலையாது. அது நிச்சயம்,” என்றார். அவர் சிரித்த பிறகுதான் பெட்டிபோன் சிரித்தார்.

அச்சுப் பட்டறை ஆள் மெல்லிய ரம்பத்தால் காசை அறுத்தெடுத்தார். துண்டுகள் உருக்கும் சட்டிக்குப் போயின. லவினியா கை கழுவும் இடத்தில் தனியாக நின்று அழுதாள். விரல் வலி அல்ல. அறையே சிரித்த அந்தச் சிரிப்பு.

மறுநாள் ஹொனோரா மிளகு சூப்போடு வந்தாள்.

“கோவமாக்கா?”

“கோவந்தான். சூப்பை வச்சுட்டுப் போ.”

ஓட்டைக் காசு கடைசிவரை வெளிவரவே இல்லை. பின்னால் டாலரை மெல்லிசாக, அகலமாக அடித்தார்கள். ‘சர்க்கார் பெண்சாதி’ என்ற பெயர் மட்டும் லவினியாவுக்கு ஒட்டிக்கொண்டது. முதலில் முகம் சுளித்தவள், அறைக்குத் தலைவியானதும் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். ஹொனோராவின் புருஷன் இறந்தபின் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள், தினம் ஒரு சண்டையாவது போட்டுக்கொண்டு.