கலியமூர்த்தியின் கால் பரிசோதனை

டெல்லியில் ஒரு கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் கலியமூர்த்தி. விளையாட்டுக் கோட்டாவில் இடம் கேட்டு வரும் பள்ளிக் கால்பந்துப் பையன்களை அவர்தான் பொறுக்கி எடுப்பார். ஆட்டம் பார்ப்பதற்கு முன்பே பூட்ஸைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்துவிடுவார். மணிப்பூர், கல்கத்தா, மலப்புறம் பையன்களுக்கு வெறுங்காலில் ஆடி ஆடிப் பாதம் காய்த்துப் போயிருக்கும்; பந்து அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். டெல்லிப் பையன்களுக்குப் புல் மைதானம் உண்டு, கோச் உண்டு, ஆட்டம்தான் வராது என்பது அவர் கட்சி.

எண்பத்து மூன்றில் அந்த வரிசையில் அவருடைய மகன் அறிவழகனும் வந்து நின்றான். பாதம் பூப்போல இருந்தது.

"உனக்கு இது சரிப்படாது, போடா."

"ஆட்டத்தையாவது பாருங்கப்பா, ப்ளீஸ்."

"பார்க்கவே வேண்டாம். அடுத்த ஆள்!"

அறிவழகன் பூட்ஸை மாட்டிக்கொண்டே கேட்டான்: "சின்ன வயசுல நம்ம சந்துப் பசங்களோட வெறுங்கால்ல ஆடப் போனேன். காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், கரோல் பாக்ல ஷூ வாங்கி மாட்டிவிட்டது யாருப்பா?"

கலியமூர்த்தி அடுத்த பையனின் பாதத்தைக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.