பகல் தூக்கத்துக்கு ஒரு பாட்டில்

என் வீட்டுக்காரருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் வந்துவிட்டால், பகல் முழுக்க நான் வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்க வேண்டும். அறுபதுகளில் நெய்வேலியில் எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருந்தது ஒரே அறை. அதில் அவர் தூங்குவார். அடுப்படியில் நானும் ஒன்றரை வயது மகளும் அடைந்து கிடப்போம். ஒரு டம்ளர் உருண்டால் போச்சு. தூங்காமல் வேலைக்குப் போன ஒருவர் மெஷினில் கையைக் கொடுத்த கதை எங்கள் பிளாக் முழுக்கத் தெரியும். அந்தப் பயத்தில், மகள் அழ வாயைத் திறந்தாலே பாட்டிலைத் திணித்துவிடுவேன். சர்க்கரை தூக்கலாகப் போட்ட பால். சப்பிக்கொண்டே தூங்கிவிடுவாள்.

அவளுடைய முன்பற்களில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தபோது, கரித்தூள்தான் என்று முடிவுகட்டினேன். கொடியில் காயும் துணியிலிருந்து தட்டில் போட்ட சோறு வரை அது ஒட்டாத இடம் எங்கள் ஊரில் ஏது? அவரோ ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வராததுமாக மகளைத் தூக்குவார். அவள் அவர் சட்டைக் காலரைச் சப்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கரிக்கையோட புள்ளயத் தொடாதீங்க! பல்லப் பாருங்க, உங்க கரிதான் ஏறிக்கினு கெடக்குது."

அதற்குப் பிறகு அவர் குளித்துவிட்டு வந்தும் அவளைத் தூக்கவில்லை. அவள் கையை நீட்டினால், "அம்மாகிட்ட போ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நானும் அந்தக் கோட்டை முந்தானையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். பல்தான் உடைந்து உதிர்ந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"இது கரி இல்லம்மா. சர்க்கரைப் பால் வாயிலயே தங்கி பல்லை அரிச்சிருக்கு. பாட்டிலோட தூங்கவிடாதீங்க. குடிச்சதும் ஈரத்துணியால பல்லைத் துடைச்சுவிடுங்க. மிச்சப் பல்லையாவது காப்பாத்தலாம்" என்றார் பல் டாக்டர்.

"அழுதா நான் இவளத் தூக்கிக்கினு எங்க போவேன் டாக்டர்?"

டாக்டர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

மறுநாள் பாட்டிலைப் பரணில் போட்டேன். அவள் வீறிட்டாள். அறையில் அவர். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதே ஷிஃப்ட், அதே தூக்கம். தெருவில் நட்ட கன்றுகள் என் இடுப்புக்குக்கூட வரவில்லை, நிழலுக்கு எங்கே போவது? கொல்லைப்புறத்து வெயிலில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நானும் அழுதேன்.

அவர் எழுந்து வந்துவிட்டார். "பாட்டிலக் குடுக்கறதுதான?"

"பல்லு போனது அதனாலதானாம். உங்க கரி இல்லயாம்."

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் நடந்தார். அவள் தூங்கினாள். அவர் தூங்கவில்லை.

சிவந்த கண்ணோடு ஷிஃப்டுக்குக் கிளம்பியவரைப் போகாதீர்கள் என்று சொல்லவும் முடியவில்லை, மகளிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. விடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கரிச் சட்டையோடு வந்தவர் நேராகக் குளிக்கப் போனார். வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"மொதல்ல புள்ளயத் தூக்குங்க" என்றேன்.